சுங்கை சிப்புட்டில் டீச்சர் வீட்டு இங்கிலீஷ் வகுப்பு: ஒரு வேன்காரனின் மதிப்பீடு

மாதம் 60 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). ஏர்கான் கிடையாது. அச்சடித்த நோட்ஸ் கிடையாது. ‘ஏ நிச்சயம்’ என்று பேனரும் கிடையாது. தாமானின் (வீடமைப்புப் பகுதி) கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் ஒரு டெரஸ் வீடு. செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் செருப்புக் குவியல் கிடந்தால் வகுப்பு நடக்கிறது என்று அர்த்தம். எஸ்.பி.எம். (மலேசியாவில் படிவம் 5 முடிவில் எழுதும் அரசாங்கத் தேர்வு) பிள்ளைகளை இங்கிலீஷுக்கு எங்கே அனுப்பலாம் என்று என்னிடம் கேட்கிறவர்கள் அதிகம். ஒவ்வொருவருக்கும் வேன் சன்னல் வழியாகப் பதில் சொல்லி மாளவில்லை. எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

என்னை ஏன் கேட்கிறார்கள் என்றால், நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். காலையில் பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன். கமுனிங், டோவன்பி, எல்பில், லிந்தாங் சாலைப் பக்கம் என்று நான் ஏற்றுகிற பிள்ளைகள் ஊரில் இருக்கிற ஏறக்குறைய எல்லா டியூஷனுக்கும் போகிறவர்கள். இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தால் எண்ணெய்க்குக் கட்டாது. அதனால் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். கடைவீதி என்றால் அஞ்சடியில் (கடை முன்னால் இருக்கும் நடைபாதை), டீச்சர் வீடு என்றால் கார் நிறுத்துகிற இடத்தின் ஓரத்தில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில். உள்ளே நடப்பதெல்லாம் காதில் விழும். என் மகளும் அங்கேதான் படிக்கிறாள், இப்போது படிவம் 5. நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளியில் இங்கிலீஷ் பாடத்துக்குப் பயந்தே காலத்தை ஓட்டியவன். வெளியே உட்கார்ந்து கேட்டதிலேயே பாதி இலக்கணம் வந்துவிட்டது.

டீச்சர் அரசாங்க இடைநிலைப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். “இருக்கிற கூட்டமே போதும் தம்பி” என்றார். ஊரில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள்.

வகுப்பு நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். வேறு எங்கேயும் நான் இப்படிப் பார்த்ததில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு கேள்வியோடு வர வேண்டும். பள்ளியில் சிவப்பு மையில் சுழித்த வாக்கியமாக இருக்கலாம், கடைப் பலகையில் பார்த்ததாக இருக்கலாம், கைப்பேசி விளையாட்டில் வந்ததாகவும் இருக்கலாம். டீச்சர் அதை வெள்ளைப் பலகையில் எழுதுவார். யாருடைய கேள்வி என்று சொல்ல மாட்டார். அப்புறம் மற்ற பிள்ளைகள் வாதாட வேண்டும். அவர் பதில் சொல்வது கடைசியில்தான், அதையும் பல நேரம் பிள்ளைகளே சொல்லி முடித்திருப்பார்கள்.

டோவன்பி பையன் ஒருவன், படிவம் 4, ‘மை அங்கிள் ஹேஸ் கம் யெஸ்டர்டே’ என்று கட்டுரையில் எழுதியிருந்தான். பள்ளியில் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டார்கள், ஏன் என்று சொல்லவில்லை. பலகையில் வந்ததும் அவனே மாட்டிக்கொண்டான், சும்மா இருக்க முடியவில்லை.

“வந்திருக்கார்னா ஹேஸ் கம்தானே டீச்சர்?”

“சரி. வந்திருக்கார்னு எப்போ சொல்வே?”

“இப்ப வீட்டுல இருக்கார்னா.”

“வீட்டுல இருக்கார், அதான் விஷயம். அப்போ நேத்துன்னு எதுக்கு?”

பின்வரிசையில் இருந்து ஒரு பெண் சொன்னாள், “நேத்தே வந்திருக்கார்னு எங்க அம்மா சொல்வாங்க டீச்சர்.” டீச்சருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. தமிழில் அப்படிச் சொன்னால் அவர் வந்தது நேற்று, எனக்குத் தெரிய வந்தது இப்போது என்று பொருள் வரும். இங்கிலீஷில் அந்த வசதி இல்லை. முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் ‘கேம்’தான். நேரத்தை விட்டுவிட்டு இப்போதைய நிலையைச் சொல்ல வந்தால் ‘ஹேஸ் கம்’. பலகையில் குறுக்கே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘இன் 2019’, அந்தப் பக்கம் ‘ஆல்ரெடி’, ‘ஜஸ்ட்’, ‘யெட்’ என்று எழுதினார். பையன் விடவில்லை. “அப்ப ‘சின்ஸ் யெஸ்டர்டே’ மட்டும் எப்படி ஹேஸ் பீன் கூட வருது?” நேற்றுத் தொடங்கி இந்த நிமிடம் வரை நீள்கிறது, இன்னும் முடியவில்லை, அதனால் வரும். இந்த ஒரு வாக்கியத்துக்கு அரை மணி நேரத்துக்கு மேல் போனது. ஏர்கான் போட்ட இடமாக இருந்தால் அந்த நேரத்தில் பத்துப் பக்கம் பயிற்சி முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பையன் வேனில் ஏறின பிறகும் பக்கத்தில் இருந்தவனிடம் கோடு போட்டுக் காட்டிக்கொண்டு வந்தான்.

நம் பிள்ளைகளுக்கு எங்கே சறுக்கும் என்று டீச்சருக்குத் துல்லியமாகத் தெரியும். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி, அதற்கப்புறம் பெரும்பாலான பாடம் மலாயில். மலாய் வினைச்சொல் ஆள் மாறினாலும் காலம் மாறினாலும் உருவம் மாறாது. அந்தப் பழக்கத்தில் ‘ஷி கோ’ என்று எழுதிவிடுகிறார்கள். டீச்சர் அவர்களைத் தமிழுக்குத் திருப்புவார். “அவள் போகிறாள், அவர்கள் போகிறார்கள். தமிழ்ல அவள் போகிறார்கள்னு எழுதினா உனக்கே காது கூசும் இல்லையா? அந்தக் காதை இங்கேயும் கொண்டு வா.” ‘டிஸ்கஸ் அபௌட்’ இன்னொரு வியாதி. தமிழில் ‘பற்றி’ உண்டு, மலாயில் ‘தெந்தாங்’ உண்டு, அதனால் இங்கிலீஷிலும் ஒன்றைச் சேர்த்துவிடுகிறோம். பெரிய அதிகாரிகள் மேடையில் பேசும்போதே வருகிறது, பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

எல்லாவற்றிலும் கஷ்டம் ‘எ’யும் ‘தி’யும்தான். தமிழில் ‘கடைக்குப் போனேன்’ என்றால் முடிந்தது. எந்தக் கடை என்று படிக்கிறவருக்குத் தெரியுமா என்பதை இங்கிலீஷில் எழுதுகிறவர் முதலில் யோசிக்க வேண்டும். தெரியும் என்றால் ‘தி’, தெரியாது என்றால் ‘எ’. விதிவிலக்குகள் ஒரு மூட்டை இருக்கிறது, ஆனால் இந்த ஒரு கேள்வியை மனதில் வைத்தாலே பாதித் தப்பு போய்விடும் என்கிறார். என் மகள் கட்டுரைகளில் அது கண்ணால் பார்க்கிற மாதிரிக் குறைந்திருக்கிறது.

தேர்வைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம் காலத்துத் தேர்வை நினைத்துக்கொண்டே பல பெற்றோர் பேசுகிறார்கள். 2021 எஸ்.பி.எம். முதல் இங்கிலீஷ் பாடம் (குறியீடு 1119) முழுக்க மாறிவிட்டது. இப்போது நான்கு தாள். முதல் தாள் வாசிப்பு, ஒன்றரை மணி நேரத்தில் 40 கேள்வி. இரண்டாம் தாள் எழுத்து, அதுவும் ஒன்றரை மணி, 60 புள்ளி. மூன்றாவது பேச்சு, நான்காவது கேட்டல். எழுத்துத் தாளில் மூன்று பகுதி: 80 சொல் அளவில் ஒரு மின்னஞ்சல், 125 முதல் 150 சொல்லில் குறிப்பு கொடுத்து எழுதச் சொல்வது, 200 முதல் 250 சொல்லில் ஒரு கட்டுரையோ அறிக்கையோ விமர்சனமோ கதையோ. ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளி. அந்த 20-ஐயும் உள்ளடக்கம், படிப்பவருக்குப் பொருந்தும்படி சொல்வது, ஒழுங்கு, மொழி என்று ஐந்து ஐந்தாகப் பிரித்துப் போடுகிறார்கள். டீச்சர் அடிக்கடி சொல்வது இதைத்தான்: இலக்கணம் சுத்தமாக இருந்தும் கேட்டதை எழுதாமல் விட்டால் நான்கில் ஒரு பங்குதான் உன் கையில்.

இதைப் புரிந்துகொள்ளாத இடங்கள் ஊரில் இருக்கின்றன. என் மகள் முதலில் போனது வேறு ஒரு சென்டருக்கு. பெயர் வேண்டாம். நல்ல நாற்காலி, நல்ல குளிர், வண்ணத்தில் அச்சடித்த தடித்த நோட்ஸ். மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அவளும் வெள்ளத்தைப் பற்றி ஒன்று, விபத்தைப் பற்றி ஒன்று என்று ஒப்பித்துவிட்டுத்தான் தூங்குவாள். பள்ளித் தேர்வில் உணவகத்தைப் பற்றி விமர்சனம் எழுதச் சொல்லிவிட்டார்கள். உணவகத்துக்குள் வெள்ளம் வந்ததாக எழுதிவிட்டு வந்தாள். வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறோம், அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

பேச்சுத் தாளுக்கு டீச்சர் செய்யும் வேலை ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். தேர்வில் இரண்டு இரண்டு பேராக உட்கார வைப்பார்கள், மொத்தம் 13 நிமிடம். முதலில் தனித்தனியாகக் கேள்வி, அடுத்து தனியாகப் பேசுவது, கடைசியில் இருவரும் சேர்ந்து கலந்துரையாடுவது. அதற்காக வகுப்பில் டீச்சர் வாயாடியையும் ஊமைக்கோட்டானையும் ஜோடி சேர்ப்பார். வாயாடி கேள்வி மட்டும்தான் கேட்கலாம், பதில் சொல்லக் கூடாது. எல்பில் பக்கத்துப் பெண் ஒருத்தி, வேனில் ஏறினால் இறங்கும் வரை ஒரு சத்தம் இருக்காது. அவள் ஒரு நாள் முன் சீட்டுப் பையனிடம் “வை டு யூ திங்க் ஸோ?” என்று திருப்பிக் கேட்டாள். அவன் திரும்பிப் பார்த்த பார்வையை நான் கண்ணாடியில் பார்த்தேன். ‘கேன் லா’, ‘வேர் காட்’ மாதிரி நம் ஊர்ப் பேச்சு இங்கிலீஷ் எல்லாம் கடையில் தாராளமாகப் பேசு, தேர்வறையில் வேண்டாம் என்பது டீச்சர் கொள்கை. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

இனி இலக்கியம். பெற்றோர்களுக்கும் டீச்சருக்கும் மனத்தாங்கல் வருவதே இதில்தான். மாதக் கடைசிச் சனிக்கிழமை முழு வகுப்பும் கவிதை அல்லது சிறுகதை. முன்பு எஸ்.பி.எம். இங்கிலீஷ் தாளிலேயே கவிதை, சிறுகதை, நாவல் பற்றிக் கேள்வி வரும். 2021 மாற்றத்தோடு அது போய்விட்டது. பள்ளியில் பாடம் நடக்கிறது, தேர்வில் நேரடிக் கேள்வி இல்லை. பிறகு எதற்கு ஒரு சனிக்கிழமையை வீணாக்குகிறார் என்று வேனில் ஏற்றிவிடும்போதே ஒரு அம்மா என்னிடம் சண்டைக்கு வந்தார், என்னவோ நான் பாடத்திட்டம் போட்ட மாதிரி. இலக்கியம் வேண்டும் என்கிற பிள்ளைக்கு ‘லிட்ரேச்சர் இன் இங்கிலீஷ்’ என்று தனிப் பாடம் இருக்கிறது, குறியீடு 2205. அதை எடுக்கிறவர்கள் நம் பக்கம் குறைவு.

நான் டீச்சர் கட்சி. காரணம், ஒரு சனிக்கிழமை நடந்தது. ஷேக்ஸ்பியரின் 18-ஆவது சானெட்டை எடுத்தார். பதினான்கு வரிக் கவிதை, காதலிக்கிறவரைக் கோடைக்காலத்து நாளோடு ஒப்பிடலாமா என்ற கேள்வியோடு தொடங்கும். பலகையில் எழுதி முடிப்பதற்குள் ஒரு பையன் கையைத் தூக்கினான்.

“டீச்சர், வெயிலோட ஒப்பிட்டா கோவம்தானே வரும்?”

எல்லாரும் சிரித்தார்கள். அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குச் சுங்கை சிப்புட் பஸ் நிலையத்தில் நிற்கிறவனுக்கு வெயில் என்றால் என்ன என்று தெரியும். டீச்சர் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு, எழுதியவன் எந்த நாட்டில் உட்கார்ந்து எழுதினான் என்று கேட்டார். இங்கிலாந்தில் வருடத்தில் பெரும்பாலான மாதம் குளிரும் மப்பும். கோடைதான் அவர்களுக்கு நல்ல காலம், அதுவும் சட்டென்று முடிந்துவிடும். அங்கே ஒருத்தியைக் கோடைநாள் என்றால் உச்சி குளிர்ந்துவிடும். அப்புறம்தான் வேடிக்கை. அவ்வளவு நல்ல கோடையும் போதாது என்று அந்தக் கவிஞரே குறை சொல்ல ஆரம்பிக்கிறார்: காற்று அடிக்கிறது, சில நாள் வெயில் அதிகம், சீக்கிரம் போய்விடுகிறது. “பார், நீ சொன்ன வெயிலை அவரும் சொல்லியிருக்கார்” என்றதும் அந்தப் பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பிறகு பேச்சு எந்த வரியில் திரும்புகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். ஒன்பதாவது வரி ‘பட்’ என்று தொடங்குகிறது. கடைசி இரண்டு வரியில் கவிஞர் தன் கவிதையைப் பற்றியே பேசுகிறார்: இதைப் படிக்க ஆள் இருக்கும்வரை நீயும் இருப்பாய் என்கிற மாதிரி. ‘தீம் என்ன டீச்சர்?’ என்று கேட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எங்கே மனம் மாறுகிறது. இந்த மூன்றையும் சொல்லிவிட்டு வா, தீம் தானாக வரும் என்பார். தமிழ் இலக்கியமும் எடுத்துப் படிக்கிற பிள்ளைகள் இதில் வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். யார் கூற்று என்று கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள்தானே.

இது தேர்வுக்கு உதவுமா? முதல் தாளில் வரிகளுக்கு நடுவே இருப்பதைக் கேட்கும் கேள்விகளில் என் மகள் முன்பு விட்டுக்கொண்டிருந்தாள், இப்போது விடுவதில்லை. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

கைப்பேசியைப் பற்றிக் கேட்பீர்கள். கேள்வியைப் படம் பிடித்துப் போட்டால் முழுப் பதிலும் வந்து விழுகிற காலம். டீச்சர் ஒளிக்கச் சொல்வதில்லை, மேசை மேல் வைக்கச் சொல்வார். ஒருவன் அப்படி எடுத்து வந்த கட்டுரையைச் சத்தமாக வாசிக்க வைத்தார். பொருள் சொல்ல முடியாத சொல் வரும்போதெல்லாம் அந்த வாக்கியத்தை அவனே அடிக்க வேண்டும். வாசித்து முடித்தபோது மிஞ்சியது ஒரு பத்தி. “இதுதான் உன்னுது, இதிலிருந்து தொடங்கு” என்றார். புலனத்தில் (வாட்ஸ்அப்) இரவு எட்டுக்கு மேல் ஒன்பது வரை சந்தேகம் கேட்கலாம். வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து அனுப்பினால் ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று பதில் வரும். காசு கொடுத்து அனுப்புகிறோம், கேள்வியைத் திருப்பி நம்மிடமே கேட்கிறாரே என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த வகுப்பு ஒத்துவராது, நேராகச் சொல்லிவிடுகிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதல் குறை கேட்டல் தாள். 40 நிமிடம், 30 கேள்வி, முழுக்க ஒலிப்பதிவைக் கேட்டு எழுத வேண்டும். டீச்சர் வீட்டு ஸ்பீக்கர் மகன் எப்போதோ வாங்கிக் கொடுத்தது. மேலே தகரக் கூரை, சாயங்கால மழை இறங்கினால் ஒன்றும் கேட்காது. நம் ஊரில் சாயங்கால மழைக்குப் பஞ்சமா? இந்தத் தாளுக்கு வீட்டிலேயே தனியாகப் பயிற்சி கொடுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

கட்டுரை திருத்தித் தருவது தாமதமாகும். ஒவ்வொன்றிலும் ஓரத்தில் நிறைய எழுதித் தருவார், அதனால் தாமதம், ஆனாலும் தாமதம் தாமதம்தான். தேர்வு நெருங்கும்போது பிள்ளைகள் தவிக்கிறார்கள். படிவம் 1, 2 பிள்ளைகளைத் தனியாகப் பிரிப்பதில்லை. பெரியவர்கள் வாதாடும் வேகத்தில் சின்னப் பிள்ளைகள் வாய் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடிப்படையே வராத பிள்ளை என்றால் முதலில் வேறு இடத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழக்கிவிட்டு, படிவம் 3-இல் இங்கே கொண்டு வருவது நல்லது. கொசுத் தொல்லை வேறு. தைப்பூசத்துக்கும் ஊர்க் கோயில் திருவிழாவுக்கும் வகுப்பு நிற்கும், அதற்குப் பதில் வகுப்பும் இருக்காது.

எஸ்.பி.எம்.முக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஓடிவந்து சேர்க்கிறவர்களை அவர் ஏற்றுக்கொள்வதில்லை. கெஞ்சினாலும் இல்லை. இங்கிலீஷில் தேறாவிட்டாலும் சான்றிதழ் கிடைக்கும், கட்டாயத் தேர்ச்சி மலாய்க்கும் சரித்திரத்துக்கும்தானே என்று கடைசி வரை விட்டுவிடுகிற வீடுகள் நம்மில் நிறைய. பிறகு பல்கலைக்கழகத்துக்கு மூயெட் என்ற இங்கிலீஷ் தேர்வு எழுதும்போதோ, ஈப்போவில் நேர்முகத் தேர்வுக்கு உட்காரும்போதோதான் தெரிகிறது. படிவம் 4 தொடக்கத்திலேயே கொண்டு வந்துவிடுங்கள்.

சேர்க்க நினைக்கிறவர்கள் செவ்வாய் சாயங்காலம் வகுப்புக்கு முன்னால் பிள்ளையோடு நேரில் போங்கள். சேர்வதற்கு முன் ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்க்க விடுவார், அதற்குக் காசு இல்லை. தடித்த நோட்டு ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று கொண்டு போகட்டும், வகுப்பில் திருத்துவது பிள்ளைகளே. கட்டணத்தை உறையில் போட்டுப் பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுத்தால் போதும். முடியாத வீடு என்றால் டீச்சரிடம் தனியாகச் சொல்லுங்கள், என் வேனில் வருகிற இரண்டு வீட்டுப் பிள்ளைகளிடம் அவர் உறை கேட்டதே இல்லை. காரில் வருகிறவர்கள் பக்கத்து வீட்டு கேட்டை மறித்து நிறுத்தாதீர்கள். அங்கே இருக்கிற சீனப் பாட்டி வெளியே வந்தால் டீச்சரே உள்ளே போய்விடுவார்.